ஃபராஜின் போர்வை

வேலமரத்துக் கிளை முழுக்க வெண்பனி அப்பியிருந்தது. கிளையில் தொங்கிய மூட்டையின் மேல் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை. வழிகாட்டி சுவைலிம் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவன் போல நின்றான். கெய்ரோவிலிருந்து மலையேற வந்த கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் பின்னால் வந்து சேர்ந்தது. காலையில் வழியெல்லாம் மொட்டைப் பாறையும் காய்ந்த மணலுமாகத்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் வானம் கறுத்து, எதிரே கணவாய் தெரியாதபடி பனி கொட்டத் தொடங்கிவிட்டது.

மூட்டை அவன் அண்ணன் ஃபராஜுடையது. முந்தைய ஒரு குளிர்காலத்தில், தொலைந்த ஒட்டகத்தைத் தேடிப் போனவன், சுமை எதற்கென்று போர்வையையும் கெண்டியையும் கட்டி இங்கே தொங்கவிட்டுப் போனான். திரும்பவேயில்லை. மரத்தில் தொங்குவதை உடையவனைத் தவிர இந்தச் சினாய் மலையில் எவனும் தொடமாட்டான், திருடன்கூட. அதுதான் சுவைலிமுக்கு வினையாகிப்போனது. அண்ணன் மனைவி ஹம்தாவைத் தான் கட்டிக்கொள்வதாக அவன் கேட்டபோதெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“மூட்டை மரத்துல தொங்குற வரைக்கும் உங்க அண்ணன் உயிரோடதான் இருக்காரு. நான் அவரு பொண்டாட்டி. போ, போய் வேலையைப் பாரு.”

ஊர்ப் பெரியவர்களும் அவள் பக்கம்தான் பேசினார்கள். ஒரு கந்தல் மூட்டைக்கு இருக்கிற மதிப்பு தனக்கு இல்லையே என்று சுவைலிம் வயிறெரிந்து திரிந்தான். இந்த வழியாகக் கூட்டத்தை அழைத்து வரும்போதெல்லாம் மரத்தடியில் நின்று அதை முறைப்பான்.

இன்றைக்குக் கூட்டத்தில் தாலியா என்ற பெண்ணுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது, பல் கிட்டிக்கொண்டது. கூட்டத்திலேயே வாய் ஓயாதவனான ஷெரீஃப் மூட்டையைக் காட்டி, “ஏம்பா, போர்வையை மரத்துக்குப் போத்தி வச்சிருக்கீங்க, மனுஷனுக்குக் குடுக்கக் கூடாதா?” என்றான். இந்த வார்த்தைக்குத்தான் சுவைலிம் காத்துக்கொண்டிருந்தான். ஊரில் கேட்டால் ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்ற எடுத்தேன் என்று சொல்லலாம். மூட்டை இறங்கினால் அண்ணன் செத்தவன், ஹம்தா விதவை. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். கையில் விழுந்த மூட்டை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ படுத்து எழுந்த படுக்கை மாதிரி. கம்பளிக்குச் சூடு இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போர்வையை உதறித் தாலியாவின் மேல் போர்த்தினான். அதில் அண்ணனின் வாடை அப்படியே இருந்தது, புகையிலையும் ஆட்டு நெய்யும் வியர்வையும் கலந்த வாடை. சின்ன வயதில் அந்த வாடைக்குள் முகத்தைப் புதைத்து, இரண்டு பேரும் ஒரே போர்வையில் தூங்கியிருக்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான்.

மேய்ச்சல்காரர்களின் கல்குடிலுக்கு ஏறும் பாதையில் பனி நெரிபடும் சத்தம் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் பூட்ஸ் சத்தம்தான். அதற்கும் பின்னால், வரிசை முடிகிற இடத்துக்கும் அப்பால், வேறொரு நடை. ஒரு கால் பதிய, ஒரு கால் இழுபட. கடைசியாக வந்துகொண்டிருந்த ஷெரீஃப் முன்னால் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

“பின்னாடி வர்றவரு உங்க ஆளாப்பா? எவ்வளவு பேசினாலும் வாயே திறக்க மாட்டேங்கிறாரு.”

இந்தப் பயணத்துக்குச் சுவைலிமைத் தவிர வழிகாட்டி யாரும் இல்லை. சொன்னால் கூட்டம் மிரண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடும், பள்ளத்தில் விழும்.

“எங்க ஆளுதான். நடங்க.”

சொல்லியாகிவிட்டது. அதன்பிறகு அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

குடிலில் எல்லாரையும் உள்ளே அனுப்பி, தீ மூட்டிக் கொடுத்துவிட்டு, விறகெடுக்கிற சாக்கில் வெளியே வந்தான். மங்கிய வெளிச்சத்தில் வாசல் பனியைப் பார்த்தான். ஆட்டின் குளம்புத் தடத்தை வைத்தே யாருடைய ஆடு என்று சொல்கிற ஊர்க்காரன் அவன். கூடப்பிறந்தவனின் காலடியை அடையாளம் தெரியாமல் போகுமா? பூட்ஸ் தடங்களின் மேலே, கடைசியாகப் பதிந்த ஒரு வெறுங்கால். இடது பாதத்தில் பெருவிரல் இல்லை. பையனாக இருந்தபோது கிணற்றுக்கல் விழுந்து நசுங்கிப்போன விரல். தடம் வாசல்வரை வந்திருந்தது.

உள்ளே போயிருந்தது.

வெளியே வரவில்லை.

ஓடிவிடலாமா? எங்கே? உள்ளே அந்தப் பெண் இருக்கிறாள். அவளுக்கு அதைப் போர்த்திவிட்டவன் அவன்தான். கைக்கு அகப்பட்ட விறகை அள்ளிக்கொண்டு கதவைத் தள்ளினான்.

நனைந்த கம்பளி நாற்றம். தீ. ஷெரீஃப் தேநீரை ஊதிக்கொண்டே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். தாலியா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெறும் சட்டையோடு.

“போர்வை எங்கம்மா?”

“உடையவர் வந்து கேட்டாருண்ணே. குடுத்துட்டேன்.” தீயின் மறுபக்கம் கைகாட்டினாள். “பாவம், என்னைவிட நடுங்கினாரு.”

தலையோடு இழுத்துப் போர்த்தி ஒருவன் படுத்திருந்தான். பாதங்கள் மட்டும் வெளியே. தீயை ஒட்டி. இடது பாதத்தில் நான்கே விரல்கள்.

விரலிடுக்கில் பனி. உருகாத பனி.

சுவைலிமின் கையிலிருந்து விறகு நழுவியது. யாரும் திரும்பவில்லை.

போர்வையின் ஓரம் அசைந்தது. மெல்ல உயர்ந்தது. சின்ன வயதில், குளிர்கிற இரவுகளில், தம்பிக்காக உயருமே, அதே போல. உள்ளே இருட்டு. அந்த இருட்டில், ஓர் ஆள் படுக்கிற அளவு இடம்.