குறையாத பீப்பாய்

ஏழாம் நம்பர் பீப்பாய் இந்த மாதமும் குறையவில்லை.

கீழப்பழுவூர் தாண்டி இருந்த அந்த ஒயின் ஆலையின் நிலவறையில், ஈர மரமும் பழுத்த திராட்சையும் கலந்த வாடைக்குள் வரிசையாகப் படுத்திருந்த மற்ற பீப்பாய்கள் ஒழுங்காகத்தான் குறைந்தன. ஓக் மரம் மாதம் ஒரு சொம்பாவது உறிஞ்சிவிடும். காலி இடத்தில் காற்று புகுந்தால் சரக்கு கெட்டுப்போகும் என்று, மேலிருக்கும் தக்கையைப் பிடுங்கி விளிம்புவரை நிரப்புவது வேணியின் வேலை. ஏழுக்கு மட்டும் இரண்டு வருஷமாக ஒரு சொட்டு ஊற்றியதில்லை.

"கெமிஸ்ட்ரி மேடத்துக்கு இன்னும் நாக்குல ருசி ஏறலையா?" படிக்கட்டு உச்சியிலிருந்து சூப்பர்வைசர் சின்னதுரை கத்தினான். "நீ ருசி பாத்துக் கையெழுத்துப் போட்டா ஏழாம் நம்பரை இன்னைக்கே பாட்டில்ல அடைச்சிடலாம்."

"அத அனுப்பாதீங்க சார். கொட்டிடலாம்."

"ரெண்டு வருஷம் ஊறுன ரிசர்வ் சரக்கைக் கொட்டுறதா? பேப்பர் எடுத்துட்டு வரேன். போடலன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

ஒயினை வடித்தபின் தொட்டியடியில் தங்கும் திராட்சைச் சக்கையை இறங்கி அள்ளுவது அவள் அப்பா அய்யம்பெருமாளின் வேலையாக இருந்தது. புளித்த சக்கை கக்கும் வாயு ஆளைக் கொல்லும். முதலில் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் சின்னதுரைக்கு அவசரம். மெழுகுவத்தி இறக்கவில்லை. அப்பா அவளைப் பார்த்தார்.

"நீ படிச்சவ பாப்பா. எறங்கலாமா?"

அவள் வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள். பக்கத்தில் சின்னதுரை. தலையாட்டினாள்.

மறுநாளே, அவர் முகம் புதைந்து கிடந்த அந்தச் சக்கையைப் பிழிந்து ஏழில் ஊற்றினார்கள். எவனோ ஒருத்தன் ஏசி ரூமில் உட்கார்ந்து அதை முகர்ந்து பார்த்து ஆகா என்பான்.

விடமாட்டாள்.

தக்கையைப் பிடுங்கினாள். வியர்வை வாடை. துளைக்குள் ஒயின் மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

மூச்சு.

ஓடியிருக்கலாம். துளைக்குள் இரண்டு விரலை விட்டு, பீப்பாயைப் புரட்டிக் கொட்டிவிட இழுத்தாள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஏதோ அவள் விரல்களைப் பற்றியது. வலிக்காமல். சின்ன வயசில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ரோடு தாண்டும்போது பற்றின மாதிரி.

"அப்பா..."

படியில் செருப்புச் சத்தம். சின்னதுரை இறங்கி வந்தான். காகிதத்தை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது.

துளை விளிம்பில், கருஞ்சிவப்பு ஊறிய நகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, அவள் மணிக்கட்டைத் தடவித் தேடின.