கடலை இல்லாத கொள்ளு சூப்

“இதுல வேர்க்கடலை கலந்திருக்குங்களா?”

மூன்றாவது முறையாக அவன் கேட்டபோது வனஜாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“கடலை இருந்தா கடையவே மூடிடறேன் சார். போதுமா?”

பாரிவாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட் அருகே சனிக்கிழமைதோறும் அவள் விரிக்கும் மடக்கு மேசைக்கு, கடை என்ற பெயரே கொஞ்சம் அதிகம்தான். முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கொள்ளு... எல்லாம் பொடிப் பாக்கெட்; வீட்டில் வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் சூப். கடலை பட்டால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும், அதனால்தான் கேட்டேன் என்றான் அவன். மூக்குக் கண்ணாடியில் தூறல் துளிகள்... அவற்றுக்குப் பின்னால் மன்னிப்புக் கேட்கும் இரண்டு கண்கள். ‘வியாபாரத்தைப் பாருடி’ என்று அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பெயர் கோகுல்நாத். கரூர்க்காரன், ஐ.டி. வேலை. வாராவாரம் வந்தான். வாழைத்தண்டு பிரமாதம் என்பான், கொள்ளில் மிளகு தூக்கல் என்பான். அவள் மிளகைக் குறைத்தாள். ஒரு வாடிக்கையாளருக்காக இவ்வளவு இறங்குவதா என்று இரவெல்லாம் ரோஷப்பட்டாள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

இன்று காலை வந்தவன், நண்பர்களோடு ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்கப்போவதாகவும், சாயங்காலம் குமணன்சாவடியில் வேன் ஏறுவதாகவும் சொல்லிக் கொள்ளு பாக்கெட் இரண்டு வாங்கிப் போனான். மதியம் மேசையை மடித்துக்கொண்டு வீடு திரும்பியவளிடம், அம்மா அங்கம்மா காய் நறுக்கியபடியே சொன்னாள்.

“நேத்து உன் ஜாருலதான்டீ கடலை அரைச்சேன். என் ஜாரு மூடி உடைஞ்சு கீது.”

“கழுவினியா?”

“தொடைச்சு வெச்சேன்...”

அதே ஜாரில்தான் அதற்குப் பிறகு வனஜா கொள்ளை அரைத்திருந்தாள். அந்தக் கொள்ளில் விற்றது அவன் வாங்கிய இரண்டு பாக்கெட் மட்டும்தான்.

அவன் பணம் அனுப்பும் எண்ணுக்கு அழைத்தாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. அனுப்பிய செய்தியை அவன் பார்க்கவும் இல்லை. ஷேர் ஆட்டோவில் நசுங்கி உட்கார்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சவால் விட்டவளே போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும். நிற்கலாம்... கடையை மூட வேண்டும். மூடிவிடலாம்... அவன் மூச்சு மட்டும் நின்றுவிடக் கூடாது. மலை மேல் நள்ளிரவில் எந்த டாக்டர் வருவார்?

குமணன்சாவடியில் இறங்கி ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் தங்கிவிட்டது. டீக்கடைக் கூரையின் கீழ் அவன்... கையில் ஆவி பறக்கும் டம்ளர். உதட்டருகே போய்விட்டது. பாய்ந்து தட்டிவிட்டாள். கொள்ளு சூப் இருவர் உடையிலும் பாதிப்பாதி.

“அதுல கடலை கீது,” என்றாள் மூச்சிரைக்க. வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருந்த நாகரிகப் பேச்செல்லாம் வழியிலேயே விழுந்துவிட்டது. “குடிச்சீங்களா?”

“இல்லீங்க.”

“பொய் சொல்லாதீங்க. டம்ளர் காலியா கீது.”

“அது நீங்க தட்டினதுங்க.”

அதற்கு மேல் முடியவில்லை. மழை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாதபடி, கூரைக்குக் கீழே நின்று அழுதாள். ஜாரைப் பற்றிச் சொன்னாள். கடையை மூடிவிடுவதாகவும் சொன்னாள்.

அவன் தன் ஷூவையே பார்த்தான்.

“மூடாதீங்க. எனக்கு... சூப்பே பிடிக்காதுங்க. வாங்கினதெல்லாம் அலமாரில அப்படியே இருக்கு. இன்னைக்குப் பசங்க கிண்டல் தாங்காமதான் முதல் பாக்கெட்டப் பிரிச்சேன்.”

“அப்போ மிளகு தூக்கல்னு சொன்னது?”

“பேசாம வாங்கினா அரை நிமிஷத்துல முடிஞ்சிடுதுங்க. உங்ககூட இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணும்போல... ஒவ்வொரு வாரமும்.”

கோபம் வர வேண்டும். காத்திருந்தாள்... வரவில்லை. வேன் ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை.

“இனிமே எங்க ஊட்ல கடலை அரைக்க மாட்டோம்,” என்றாள்.

“எனக்கு விக்கிற சூப்புக்குத் தனி ஜார் போதுமேங்க. வீட்டுல எதுக்கு?”

வனஜா ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டு, மழைக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். அவனுக்கும் கேட்டது.

“நீங்க வந்து சாப்பிட வேணாமா?”