கடைசியில் திறக்கும் கதவு

மெக்கானிக்கின் மனைவி நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்தாள். சலவைக்கடை வேன் குட்டைக்குள் இறங்கி, பின் அறையில் இருந்த முதலாளி மூழ்கிச் செத்துவிட்டார். கதவுப் பூட்டைச் சரிசெய்யாமலே சரிசெய்ததாகச் சொல்லி வண்டியைக் கொடுத்தான் என்று அவள் புருஷனைப் போலீஸ் பிடித்துப்போய்விட்டது. இரண்டு குழந்தைகளோடு தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்றாள்.

"அவர் சரி பண்ணித்தாங்க குடுத்தாரு. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ற ஆள் இல்லை."

கேட்டுக்கொண்டிருந்தவர் வாகன இன்சூரன்ஸில் விபத்து வண்டிகளைச் சோதிக்கும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் எல்லோருக்கும் சர்வேயர்தான். பக்கத்தில் இருந்த அவருடைய மச்சினன் அதற்குள் மூன்று குற்றவாளிகளைக் கண்டுபிடித்திருந்தான். பாவம், மூன்றும் தப்பு.

வேன் பழையது. டிரைவர் பக்கத்துச் சுவிட்சை அமுக்கினால் பூட்டுகள் எல்லாம் ஒருசேரத் திறக்க வேண்டும். இந்த வண்டியிலோ ஒவ்வொன்றாகச் சோம்பல் முறித்து எழும், பின் கதவு கடைசியில். அந்தக் கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி கிடையாது. துணி மூட்டைகள் மாட்டிக் கிழிகின்றன என்று எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

சர்வேயரும் மச்சினனும் முதலாளியின் வீட்டுக்குப் போனார்கள். முதலாளியின் தம்பிதான் அன்று ஓட்டியவன். அண்ணன் கடை வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, கதவையெல்லாம் திறந்துபோட்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாராம். அவர் பின்னால் உட்கார்ந்து மூட்டைகளைப் பிடித்துக்கொள்ள, இவன் கதவைச் சாத்திவிட்டு ஓட்டினானாம். குட்டை வளைவில் சேறு சறுக்கிவிட்டது என்றான். சர்வேயர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பூட்டு எப்படித் திறந்தது?

"எப்பவும் போலத்தான் சார். சுவிட்சை அமுக்கினேன். முதல்ல என் கதவு டக்குன்னுது. அப்புறம் மெதுவா இடது பக்கம். பின் கதவுக்காகக் காத்திருந்தேன், கழுத்து வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. அந்தப் பாழாப்போன பூட்டு அசையவே இல்லை."

சொல்லிவிட்டு அழுதான். மச்சினனுக்கே கண் கலங்கிவிட்டது.

உள்ளே முதலாளியின் மனைவி சுவரில் சாய்ந்திருந்தாள். அன்று காலை அவர் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவந்து, வேலையாக இருந்தவளைக் கூப்பிட்டு வாசலுக்கு வரச் சொன்னாராம். "சின்னப் பிள்ளையாட்டம் சிரிச்சாரு" என்றாள். முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சர்வேயரும் தோண்டவில்லை.

வெளியே வந்ததும் மச்சினன் அக்கம்பக்கத்தில் பொறுக்கிய சேதியைக் கொட்டினான். அடுத்த மாதத்திலிருந்து கடைப்பக்கமே வராதே என்று அண்ணன் தம்பியிடம் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் முதலாளியின் மனைவியும் தம்பியும் வந்திருக்க, காவல் நிலைய முற்றத்தில், குட்டையிலிருந்து தூக்கிய நாள் முதல் முத்திரை வைத்திருந்த வேனை இன்ஸ்பெக்டர் திறந்துவிட்டார். சர்வேயர் புது பேட்டரி மட்டும் மாட்டச் செய்தார். பிறகு தம்பியிடம், அன்று அமுக்கியபடியே ஒரு தடவை அமுக்கிக் காட்டச் சொன்னார்.

அவன் ஏறி உட்கார்ந்து அமுக்கினான். பழக்கதோஷத்தில், அடுத்த பூட்டுக்காகத் தலையைப் பின்பக்கம் திருப்பினான்.

டக். ஒரே சத்தம். எல்லாக் கதவும் திறந்துவிட்டது.

அவன் விரல் சுவிட்சிலேயே நின்றது. சர்வேயர் இன்ஸ்பெக்டரை அழைத்து, சீட்டுக்குக் கீழே, பூட்டுகளின் மின்சாரம் வண்டியின் உடம்புக்குத் திரும்பும் எர்த் வயரைக் காட்டினார். துரு சுரண்டிய இடத்தில் புது போல்ட், மேலே கிரீஸ்.

"எல்லாக் கதவும் மந்தமா இருந்தா, கோளாறு கதவுல இல்லை, எல்லாத்துக்கும் பொதுவான இடத்துல. மெக்கானிக் அதைச் சரியாத்தான் பிடிச்சிருக்கார்."

"தண்ணியில பூட்டு நின்னுருக்கலாமே அத்தான்?" என்றான் மச்சினன்.

"நின்னுருக்கலாம் மாப்ளே. அப்போ எதுவுமே அசையலைன்னு சொல்லியிருப்பான். இவன் சொன்னது எப்பவும் போல ஒவ்வொண்ணா வந்த கதை. அந்தப் பழைய கோளாறு அன்னிக்குக் காலையிலேயே போயிடுச்சு, இவனுக்குத் தெரியாது. இவன் சுவிட்சை அமுக்கவே இல்லை. ஒரு தடவை அமுக்கியிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

முதலாளியின் மனைவி மெதுவாக முன்னால் வந்தாள்.

"வாசல்ல எனக்கு இதைத்தாங்க போட்டுக் காட்டினாரு. எல்லாம் ஒரே சத்தத்துல திறக்குது பாருன்னு சிரிச்சாரு. மறுபடி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன், அதான் சொல்லலை."

பிறகு அவள் பின் கதவை விரியத் திறந்தாள். உள்பக்கத் தகரமெங்கும் கீறல். கைப்பிடி இருந்த துளையைச் சுற்றித்தான் அதிகம். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொழுந்தனிடம் கேட்டாள்:

"தட்டியிருப்பாரே. உனக்குக் கேக்கலையா?"

அவன் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தான்.

"கேட்டுச்சு அண்ணி."

இன்ஸ்பெக்டர் அவனைக் கையைப் பிடித்து இறக்கினார். மெக்கானிக்கின் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். புருஷனை வெளியே விட்டபோதும் அவள் சிரிக்கவில்லை. நேராகப் போய் அந்தப் பின் கதவருகே நின்ற முதலாளியின் மனைவியைப் பிடித்துக்கொண்டாள்.