விடை இல்லாத மூலை

காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த புதிரூட்டியைப் பிய்த்தெடுத்துப் பயிற்சி மையம் நடத்தும் தங்கப்பாண்டியன் சாரின் மேசைமேல் வீசினாள் செங்கனி. அங்கே கிடந்தும் அது மினுக்கியது: கறுப்பு ஆட்டம், வெள்ளையைக் கொல்க.

மருத்துவச் சேர்க்கைக்கு உயிரியல் தேர்வை ஒழித்துவிட்டு, கறுப்பு வெள்ளைக் காய்களால் எதிரியை வளைத்துப் பிடிக்கும் கோ ஆட்டத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். வளைக்கப்பட்ட காய்கள் பிழைக்குமா சாகுமா என்று பலகையில் சொல்லத் தெரிந்தவருக்கு வார்டிலும் தெரியும் என்று அரசு நம்பியது. நாமக்கல் பயிற்சி மையங்கள் அதைவிட உறுதியாக நம்பின. சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் புதிரூட்டி கண்ணுக்குள் பலகையின் ஒரு மூலையைக் காட்டும். மனத்தால் சரியான இடத்தில் காய் வைத்தால் மணி அடிக்கும். தவறினால் காது மடலைச் சுள்ளென்று கடிக்கும்.

"என்னம்மா, தேர்வுல வந்த அந்த மூலைய முடிச்சிருக்கணுமே?"

"முடிக்க அங்க ஒண்ணுமே இல்ல சார். வெள்ளை எப்பவோ பொழச்சிருச்சு. கொல்ற எடம் இருந்தே தீரும்னு தேடிக்கிட்டே இருந்தேன். நேரம் போச்சு, சீட்டும் போச்சு."

"தேடத் தெரியல உனக்கு."

"இல்லாததை எப்படி சார் தேடுறது? உங்க மெஷின்ல எல்லாப் புதிருக்கும் விடை இருக்கு. தேர்வுப் பலகையில அப்படின்னு எவன் எழுதி ஒட்டியிருக்கான்?"

"விடை இல்லாத புதிரை எவம்மா வாங்குவான்?"

"நான் வாங்குறேன், போடுங்க. இல்லன்னா வாசல் கேட்டுல நின்னு வர்ற அப்பா அம்மா எல்லார்கிட்டயும் இதையே கத்துவேன்."

சார் போட்டார். நியாயத்துக்கு அல்ல, கேட்டுக்குப் பயந்து. புதிய புதிரூட்டியில் விடையில்லாப் புதிர்கள் கலந்தன. 'விடை இல்லை' என்று சொல்ல ஒரு சிவப்புப் பொத்தானும் வந்தது. தேர்வுக்கூடத்தில் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்திருக்கும் அதே பொத்தான். மொத்தமாக வாங்கியதில் மலிவு. தப்பாக அழுத்தினாலும் அது கடிக்காது, மணி மட்டும் அடிக்காது. இதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். செங்கனியும்தான்.

அடுத்த ஆண்டு, கடைசி ஒரு சீட்டுக்கு, அதே மையத்து லூர்துராஜின் எதிரில் உட்கார்ந்தாள். வெற்றுப் பலகை. யாரைக் கொல்ல வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. காது மடல் இப்போதே எரிந்தது. இருவர் விரலும் தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போயின.

"கைய எடுடா நாயே!"

"நீ மொதல்ல எடுக்கா! என்னால முடியல!"

அவளாலும் முடியவில்லை. இருவரும் ஒரே நொடியில் அழுத்தினார்கள்.

இருவரும் தோற்றால் சீட்டு நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போகும் என்பது விதி. போனது. வாங்கியது தங்கப்பாண்டியன் சாரின் மகன்.

செங்கனி மறுபடி அதே மேசைமுன் நின்றாள்.

"உங்க பையன் என்னைக்காவது இந்த மெஷினை மாட்டியிருக்கானா சார்?"

"சேச்சே," என்றார் சார், உண்மையாகவே பதறி. "புள்ளைக்கு வலிக்கும்லம்மா!"