பாறை என்று எழுதிய இடம்

திரையில் நிழல் தப்பான பக்கம் விழுந்திருந்தது.

வான்ரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். படகின் பின்னால் கம்பிவடத்தில் இழுபட்டு வரும் கருவி, கடலடிக்கு ஒலியை அனுப்பிப் படம் பிடிக்கும். அடியில் எது மேடாக இருந்தாலும் அதன் நிழல் கருவியை விட்டு விலகித்தான் விழும். பெங்ஹூ தீவுகளின் கடல் வரைபடத்துக்காகப் பத்து வருஷமாக அவள் பார்த்த நிழல்களெல்லாம் அப்படித்தான் விழுந்தன. இப்போது தெரிந்த பழைய மரக்கப்பலின் நிழலும் ஒழுங்காக விலகியே கிடந்தது. அதன் தளத்தின் மேல் நின்ற மெல்லிய ஏதோ ஒன்றின் நிழல் மட்டும் கருவியை நோக்கி, அவர்களை நோக்கி, நீண்டிருந்தது.

காலை பத்து மணி. பங்குனிப் பனிமூட்டத்தில் படகின் முனைகூடத் தெரியவில்லை.

"என்ன ஆபீசரம்மா, புதையலா?"

சுக்கானைப் பிடித்திருந்த கோக்செங் அவள் கணவன். கடலடி அளவைக்காக அவள் அலுவலகம் வாடகைக்கு எடுத்திருந்தது அவன் மீன்பிடிப் படகைத்தான்.

"கப்பல். முந்நூறு வருஷமாவது இருக்கும்."

அவன் சிரிப்பு நின்றது. "வரைபடத்துல போட்டா?"

"சுத்தி ஒரு கிலோமீட்டர் பாதுகாப்புப் பகுதி. வலை போடக் கூடாது."

"வரைபடத்துல போடலைன்னா?"

"காற்றாலைக்குக் கடலடியில புதைக்கிற கேபிள் இது மேலயே போகும். கப்பலைத் தோண்டிக் கிழிச்சிடுவாங்க."

"நமக்கு மீன் கிடைக்கிறது இந்த ஒரு இடத்துலதான், வான்ரு. இது போச்சுன்னா படகை வித்துட்டு உன் ஆபீஸ் வாசல்ல டீ போட வேண்டியதுதான்."

"நீ போடுற டீயை யாரு குடிப்பா?" என்றாள். சிரிப்பு வரவில்லை.

படகைத் திருப்பி இன்னொரு முறை அதே இடத்தின் மேல் ஓட்டினான். திரையில் படம் மெல்லக் கீழிறங்கியது. கப்பல் வந்தது. தளத்தில் இப்போது ஏழு நிழல்கள். ஏழும் அவர்களை நோக்கி.

"இங்க எப்பவாவது வலையில ஏதாச்சும் வந்துச்சா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "போன மாசம். ஒரு கால் எலும்பு."

கடலில் கிடைக்கும் எலும்பை அந்தத் தீவில் யாரும் எலும்பு என்று சொல்ல மாட்டார்கள். நல்ல அண்ணன் என்பார்கள். கரைக்குக் கூட்டி வந்து, கோயிலில் இடம் கொடுத்து, ஊதுபத்தி ஏற்றுவார்கள்.

"கோயில்ல வெச்சேல்ல?"

"கொண்டுபோனா எங்க கிடைச்சதுன்னு கேப்பாங்க. உன் ஆபீஸ் வரைக்கும் போயிடும். திரும்பக் கடல்லயே விட்டுட்டேன்."

"சும்மாவா விட்டே?"

"சும்மா விடுவேனா? 'அண்ணே, அடுத்த தடவை வர்றப்போ உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லிட்டுத்தான் விட்டேன்."

எல்லாரையும்.

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். உப்பில் வெடித்த விரல்கள். பனிக்காலம் முழுக்க இரவில் எண்ணெய் தடவிவிடுவாளே, அந்த விரல்கள். வரைபடத்தில் கப்பல் கிடந்த இடத்தில் 'பாறை' என்று தட்டினாள்.

மூன்றாம் முறை ஓடியபோது தளம் காலியாக இருந்தது.

இயந்திரத்தின் சத்தம் கனத்தது, வலை நிறைய மீன் ஏற்றி வரும் நாளில் முனகுவது போல. முனகி நின்றுபோனது. எங்கிருந்தோ ஒரு வாசனை: மீன் வாசனை இல்லை, நெடுநாள் மூடிக் கிடந்த மரப்பெட்டியைத் திறந்த ஈர வாசனை. கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது.

படகு இடப்பக்கம் சாய்ந்தது. பக்கவாட்டில் ஓர் ஆள் பிடித்து ஏறினால் சாயுமே, அவ்வளவுதான். நிமிர்ந்தது.

மறுபடி சாய்ந்தது.

"வான்ரு, நீ நகர்ந்தியா?"

"இல்லை."

மறுபடி.

'பாறை'யை அழித்தாள். 'கப்பல்' என்று எழுதினாள். 'பாதுகாக்க வேண்டியது' என்றும் எழுதினாள். படகு சாய்ந்தது. கீழே இருந்தவர்களுக்குக் கோக்செங் கொடுத்த வாக்கு வேறு.

தண்ணீர் விளிம்புப் பலகை வரை வந்துவிட்டது. மறுபடி. விளிம்பைத் தாண்டி அவள் பாதத்தைத் தொட்டது. சில்லென்று.

"என் பக்கத்துல வந்துடு" என்றான் கோக்செங். கையை நீட்டினான்.

மூன்றே அடி தூரம். அவன் நீட்டிய கை நன்றாகத் தெரிந்தது. வான்ரு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

வெறும் காற்று. ஆனால் ஈரமாக, குளிர்ந்து, தோளோடு தோள் நெருக்கியடித்து.

நடுவே நுழைய இடமில்லை.