கடல்மேல் மூன்று புள்ளிகள்

மதியம் 12.40. அயோத்தியாப்பட்டணத்து வீட்டு வாசலில் கூரியர்காரர் கொடுத்த உறையை ஆன்சி நின்றபடியே கிழித்தாள். உள்ளே மூன்று தாள்கள்.

"வேலை போச்சுப்பா. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

பாக்கியநாதன் அப்போதுதான் சங்ககிரி லாரி ஆபீசில் காலை லோடு இறக்கிவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடமாக மூட்டை தூக்குகிற தோள். அந்தத் தோளின் மேல்தான் மகள் ஏறி விமானத்துக்குப் போனாள். இரண்டு வருடமாகத் துணை விமானி.

"எதுக்குச் சாமி கையெழுத்து?"

"தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டு. மூணு மணிக்கு வீடியோவுல விசாரணை. கூட ஒருத்தரை வச்சுக்கலாமாம்."

"போட்டுட்டா?"

"அப்புறம் எந்தக் கம்பெனியும் என்னை ஏத்தாது."

அடுப்படியிலிருந்து செல்வமேரி எட்டிப் பார்த்தாள். "தப்பு உன்னுதாடி?"

"இல்லம்மா."

"அப்பப் போடாதே. சோறு ஆறுது, வாங்க."

பாக்கியநாதன் சாப்பிட உட்காரவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், டிரைவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டாமல் விட்டதில் ஒரு லோடு சர்க்கரை கரைந்தது. 'கட்டாதது நான்தான்' என்று எழுதிய காகிதத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அவர் பெருவிரலை வைத்தார். அதற்கடுத்த மாதம்தான் நாற்பது வயதில் சிலேட்டை எடுத்தார்.

"முதல்ல இருந்து சொல்லு," என்றார்.

ஆன்சி சொன்னாள். அட்லாண்டிக் கடலுக்கு நடுவில் ரேடார் எட்டாது. காகிதத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக எழுதியுள்ள புள்ளிகள்தான் பாதை. அன்றைக்குக் கடலுக்குள் நுழையும் முன்பே தரையிலிருந்து செய்தி வந்தது: பாதை மாற்றம், மூன்று புள்ளிகள் புதிது.

"பெங்களூர் போற வண்டியை ஓசூர்ல மறிச்சு, ஐதராபாத்துக்குப் போடான்னு சொல்ற மாதிரியா?"

"அதேதான்பா. ஆனா ஓரமா நிறுத்தி யோசிக்க முடியாது."

பழைய புள்ளியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் புதியதை எழுத வேண்டும். ஒருவர் அதை விமானத்துக்கு வழிகாட்டும் கணினிப் பெட்டியில் ஏற்றிவிட்டுப் புள்ளியைச் சுற்றி வட்டம் போடுவார். மூன்றும் ஏறிய பிறகு மற்றவர் பெட்டியில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காகிதத்தோடு ஒத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. ஏற்றியவரே சரிபார்க்கக் கூடாது.

"எங்க லாரி ஷெட்லயும் அப்படித்தான். மூட்டையைப் பார்த்துச் சீட்டைப் படிக்கணும். சீட்டைப் பார்த்து மூட்டையைப் படிச்சா, இல்லாத மூட்டையும் இருக்கும்."

"எப்பவும் கேப்டன் ஏத்தி வட்டம் போடுவார், நான் கோடு போடுவேன். அவர் கறுப்புப் பேனா, நான் நீலம். அன்னிக்கு நான் பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள வட்டம், கோடு ரெண்டும் இருந்துச்சு. 'எல்லாம் பார்த்தாச்சு, உக்காரு'ன்னார்."

"உக்காந்துட்டே."

"உக்காந்துட்டேன்." அவள் குரல் இறங்கியது. "ரெண்டாவது புள்ளியைத் தாண்டிப் பத்து நிமிஷத்துல நாம இருக்கற இடத்தை வரைபடத்துல குறிக்கணும். குறிச்சேன். விமானம் பாதையில இல்லை. மூணாவது புள்ளிக்கு ஐம்பத்திரண்டுன்னு போட வேண்டிய இடத்துல ஐம்பத்தொண்ணு. நான்தான் கத்தித் திருப்ப வச்சேன்."

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் இரண்டாவது தாளில் கேப்டன் அன்பழகனின் வாக்குமூலம் வேறு மாதிரி இருந்தது: 'நான் கழிவறையில் இருந்தேன். ஆன்சி தனியாக எண்களை ஏற்றி, இருவர் சரிபார்த்ததுபோல் வட்டமும் கோடும் தானே போட்டுவிட்டார்.'

பூட்டிய விமானி அறை. உள்ளே இரண்டு பேர். ஒருவர் பொய் சொல்கிறார். ஒருவர் வெளியே போகும்போது உள்ளே வந்து நிற்கும் பணிப்பெண்ணுக்கு, முதலில் போனது யார் என்று நினைவில்லை. இருவருமே அந்த அரைமணியில் போய்வந்தார்கள். குரல் பதிவு, தரை இறங்குவதற்குள் பழையதை அழித்துவிட்டிருந்தது. கணினிப் பெட்டி எண்ணை நினைவில் வைக்கும், விரலை வைக்காது.

"திரும்பி வந்தப்ப வேற எதாச்சும் மாறியிருந்துச்சா?"

"ஒண்ணுமில்லப்பா. என் பேனா அவர் பக்கம் கிடந்துச்சு. உருண்டிருக்கும்னு எடுத்துக்கிட்டேன்."

1.55. பாக்கியநாதன் மூன்றாவது தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். விமானத்தில் இருந்த காகிதத்தின் ஜெராக்ஸ் அது. முதல் புள்ளியின் வட்டம் கனத்த மை. அதன் கோடு கொஞ்சம் மெலிவு. இரண்டாவது புள்ளியின் வட்டம் விட்டுவிட்டு விழுந்திருந்தது. அதன் கோடு வெறும் கீறல். மூன்றாவதில் வட்டமும் கோடும் மறுபடி கனமாக இருந்தன.

நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து, "செல்வமேரி, சோத்தைப் போடு," என்றார்.

மாலை 3.00. திரையில் இரண்டு முகங்கள். விசாரணை அதிகாரி சௌந்தர்யா. அடுத்த கட்டத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் கேப்டன் அன்பழகன்.

"கூட இருக்கிறவர் யார்?"

"அப்பாங்க. பேரு பாக்கியநாதன். சங்ககிரியில லோடுமேன்."

அன்பழகன் சிரித்தார். "மேடம், விமானத்தைப் பற்றி இவர் என்ன சொல்லப் போகிறார்?"

"விமானத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க சார். பேனாவைப் பத்தி ரெண்டு கேள்வி."

"கேளுங்கள்," என்றார் சௌந்தர்யா.

"ஏனுங்க சார், நீங்க வெளிய போனப்ப உங்க பேனா எங்க இருந்துச்சுங்க?"

"என் சட்டைப் பையில். வேறெங்கே இருக்கும்?"

"வச்சுட்டுப் போயிருக்கலாம். புள்ளை அவசரத்துக்கு எடுத்திருக்கலாம்."

"என் பேனாவை யாரும் தொட விடமாட்டேன். என் மாமனார் கொடுத்தது. ஆன்சிக்கே தெரியும், ஒருமுறை எடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறார்."

"வாங்கினேன்," என்றாள் ஆன்சி.

"கறுப்பு மைங்களா?"

"கறுப்புதான். இதெல்லாம் எதற்கு?"

"அம்மணி, எங்களுக்கு வந்தது ஜெராக்ஸுங்க. எல்லாமே கறுப்பாத்தான் தெரியும். அசல் உங்ககிட்ட இருக்குங்களா? கேமராகிட்டக் காட்டுங்க."

சௌந்தர்யா கோப்பைத் திறந்து தாளைத் தூக்கிப் பிடித்தார். பாதை மாறுவதற்கு முந்திய புள்ளிகளில் வட்டம் கறுப்பு, கோடு நீலம். புதிய மூன்றில் முதல் இரண்டும் வட்டம், கோடு எல்லாமே கறுப்பு. மூன்றாவது மட்டும் முழுக்க நீலம்.

அன்பழகன் முன்னால் சாய்ந்தார். "பாருங்கள் மேடம், தப்பான புள்ளி அதுதான். நீலம். அவருடைய பேனா!"

"அவ பேனாதானுங்க," என்றார் பாக்கியநாதன். "அதுக்கு முந்தின ரெண்டு?"

பாக்கியநாதன் தன்னிடமிருந்த ஜெராக்ஸைத் திரைக்கு நேரே பிடித்தார்.

"ரெண்டு பேர் போட்டிருந்தா மூணு வட்டமும் முதல்ல விழும், அப்புறம்தான் கோடு. ரெண்டும் வேற வேற மை. இங்க பாருங்க: வட்டம், அதைவிட மெலிசாக் கோடு, அதைவிட மெலிசா வட்டம், அப்புறம் கீறல். ஒரே பேனா படிப்படியாத் தீர்ந்திருக்கு. ஒரே கை மாத்தி மாத்திப் போட்டிருக்கு. அந்தக் கை யாருதுங்க? ஆன்சி தனியா இருந்திருந்தா நீலத்துலதான் ஆரம்பிச்சிருப்பா. கறுப்புப் பேனா உங்க பையோட கழிவறையில இருந்திருக்கும். இங்க கறுப்பு தீர்ந்த பிறகு நீலம் வந்திருக்கு. தன் பேனா தீர்ந்தவன்தானுங்க பக்கத்துல கிடக்கறதை எடுப்பான். அப்பக் காலியா இருந்தது ஆன்சியோட சீட்டு. எண்ணை ஏத்தினதும் நீங்க, சரிபார்த்ததாக் குறி போட்டதும் நீங்க. எடுத்த பேனாவை எடுத்த இடத்துல வைக்க மட்டும் மறந்துட்டீங்க."

"ஒரு மூட்டை தூக்குகிறவன் எனக்கு..."

"தூக்கறவன்தானுங்க. அதுக்காக உங்க மூட்டையை என் மகள் தலையில ஏத்த விடமாட்டேன்."

சௌந்தர்யா ஒரு நிமிடம் எதையோ எழுதினார். "கேப்டன், நீங்கள் இணைப்பிலேயே இருங்கள். ஆன்சி, அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி. திரும்பி வந்ததும் நீங்கள் ஏன் சரிபார்க்கவில்லை?"

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். ஆன்சி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சரிபார்த்திருக்கணும் மேடம். உக்காருன்னதும் உக்காந்துட்டேன். அது என் தப்பு. அதை நானே எழுதித் தர்றேன், என்ன தண்டனைன்னாலும் சரி. ஐம்பத்தொண்ணு என்னுது இல்லை. அதுக்கு ஒரு எழுத்துக்கூடப் போடமாட்டேன்."

அங்கேயே எழுதினாள், நீல மையில், நான்கு வரி, தமிழில். பாக்கியநாதன் அதை வாங்கி விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். அன்பழகன் கடிகாரத்தைப் பார்த்தார். பாக்கியநாதன் ஒரு சொல்லில் நின்று, பின்னுக்கு வந்து, மறுபடி படித்தார்.

"சரியா இருக்கு. போடு."

ஆன்சி கையெழுத்திட்டாள்.

"சாட்சியாக நீங்களும் போடுங்கள்," என்றார் சௌந்தர்யா. "முதலெழுத்து மட்டும் போதும்."

பாக்கியநாதன் பேனாவை வாங்கிக்கொண்டு நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டார்.

"முழுசாப் போடறேனுங்க. கொஞ்சம் நேரமாகும், இருங்க."