மங்கல முறையில் ஒரு நாய்

பால்கனித் தரையை முகர்ந்து பார்த்த நாய் ரவை, வெறுப்புடன் தும்மியது.

“எலுமிச்சை ஊத்திக் கழுவிட்டாங்க. பூனை வந்துட்டுப் போன சேதியே போச்சு. மறுபடி நான்தான் எழுதணும்,” என்றது அதன் கழுத்திலிருந்த உளமொழிப் பட்டை. ரவை காலைத் தூக்கியது.

“யோவ் எழுத்தாளரே, கீழ போய் எழுதுங்க!” என்று மகிழன் சிரித்தான்.

நாயின் மூளை அலைகளைப் படித்துத் தமிழில் பேசும் அந்தப் பட்டை, கோவையில் இப்போது அநேகமாக எல்லா வீட்டு நாய்களுக்கும் உண்டு. ரவையின் பார்வையில் மனிதர்கள் பாவப்பட்ட பிறவிகள். நாள் முழுக்க ஒரு கண்ணாடித் துண்டைத் தடவுகிறார்கள்; அதில் ஒரு வாசனையும் கிடையாது. லிஃப்டில் பக்கத்து ஆளை முகராமல் கூரையைப் பார்க்கிறார்கள்.

மகிழன் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டினான். ரவை அவன் வயிற்றில் மூக்கை வைத்தது. அதன் வால் தாழ்ந்தது.

“உள்ள அழுகுது. இவன் செத்துருவான்.”

அவன் மனைவி யாழிசை பதறிப்போனாள். “வெளிய கிளம்புறப்ப என்ன பேச்சு இது? வாயக் கழுவு!”

“விடு யாழி. நேத்து தின்ன குடல் குழம்பச் சொல்லுது.”

“நீங்க சும்மா இருங்க. உள்ள வந்து உக்காந்து, தண்ணி குடிச்சுட்டுப் போங்க.”

அவன் குடித்துவிட்டுப் போனான். அவள் பட்டையின் அமைப்புகளைத் திறந்தாள். ‘மங்கல முறை’ என்று ஒரு வசதி இருந்தது. தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது. சாவு, நோய், அழிவு பற்றி நாய் எது சொன்னாலும், பட்டை அதற்குப் பதிலாக ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லும். அதை இயக்கினாள்.

மறுநாளும் ரவை அவன் வயிற்றை முகர்ந்து பதறியது.

“மகிழன் நல்லா இருப்பான்,” என்றது பட்டை.

இருவரும் அதைக் கட்டிக்கொண்டு கொஞ்சினார்கள். ரவைக்குக் குழப்பம். சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்கச் சொல்லிப் பார்த்தது. இன்னும் அதிகமாகக் கொஞ்சினார்கள்.

நான்கு மாதங்கள் கழித்து மகிழன் சோறே வேண்டாமென்றான். கணையப் புற்று என்றார் மருத்துவர். “மொதல்லயே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்.”

மார்கழி பிறக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் போனதும், யாழிசை பட்டையின் மூலப் பதிவைத் திறந்தாள். நாய் உண்மையில் சொன்னவை தேதிவாரியாக இருந்தன. ‘உள்ள அழுகுது.’ ‘நேத்தவிடப் பெருசு.’ ‘கேக்குதா? அழுகுது.’ இப்படி எண்பத்தேழு முறை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு படித்தாள்.

ஆவணி நடுவில் அந்தப் பேச்சு நின்றிருந்தது. அதன்பின் தினமும் ஒரே வரி: ‘மகிழன் நல்லா இருப்பான்.’ பட்டை மாற்றிச் சொன்னதல்ல. மூலப் பதிவிலேயே அப்படித்தான் இருந்தது. எதைச் சொன்னால் கொஞ்சல் கிடைக்கும் என்று ரவை கற்றுக்கொண்டிருந்தது.

அவள் மங்கல முறையை அணைத்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

“ரவை, இங்க வாடா. இனி திட்டமாட்டேன். எங்கிட்ட ஏதாச்சும் வாசனை வருதா? உள்ளதச் சொல்லு.”

ரவை அவள் கழுத்தை முகர்ந்தது. தோளை முகர்ந்தது. இடது மார்பருகே வந்ததும் நின்றது. விலகிப் போய், திரும்பி வந்து, அதே இடத்தில் நெடுநேரம் மூக்கை வைத்திருந்தது. பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்து, மெல்ல வாலை ஆட்டியது.

“நல்லா மணக்குது, யாழி.”